தாத்தா ஒட்டிய மூங்கில் காடு

எங்கள் வீட்டு ஹால் சுவரில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு மூங்கில் காடு இருந்தது. வெளிர்பச்சை மூங்கில், நடுவில் இரண்டு குருவி, மறுபடி மூங்கில், மறுபடி அதே இரண்டு குருவி. சின்ன வயசில் அந்தக் குருவிகளை எண்ணியிருக்கிறேன். மொத்தம் 64. டிவிக்குப் பின்னால் மறைந்திருக்கிற நாலையும் சேர்த்தால் 68. போன செமஸ்டர் லீவில் அந்தக் காட்டை உரித்துப் போட்டது நான்தான். உரித்தது சரியா தப்பா என்று இன்னும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"வால்பேப்பரக் கிழிச்சதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்கலாம். என் தம்பியும் அதைத்தான் கேட்டான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு சுவர் இருக்கும்.

நாங்கள் இருப்பது கெலாங் பாத்தாவில், ஒரு தாமானில், கார்னர் வீடு. கெலாங் பாத்தா என்றால் மலாயில் உடைந்த வளையல். ஊர் பேரே உடைஞ்சது, அப்புறம் வீட்டுல எது ஒழுங்கா இருக்கும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். தாத்தா தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே பால் மரம் வெட்டி, அப்புறம் செம்பனைக்கு மாறி, தோட்டம் கைமாறியபோது வெளியே வந்தவர். 1998-ல் துவாஸ் பாலம் திறந்தது. தஞ்சோங் பெலெப்பாஸில் துறைமுகம் வந்தது. ஊருக்கு ரோடு வந்தது, லோரி வந்தது, தாமான்கள் வந்தன. தாத்தா 1999-ல் இந்த வீட்டை வாங்கினார். எங்கள் குடும்பத்தில் யாருமே அதுவரை கல் வீட்டில் இருந்ததில்லை. சொந்த வீடு என்பது அதற்கு அடுத்த கதை.

2004-ல் அத்தைக்குப் பரிசம் போட வந்தபோது தாத்தா இந்த வால்பேப்பரை ஒட்டினார். ஜொகூர் பாருவில் வாங்கி, சுருளை மோட்டாரில் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாராம். எனக்கு அப்போது ஒரு வயசு. பசைத் தண்ணீரில் நான் கையை விட்டு அடித்த கதையைத் தாத்தா இறக்கும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து லயத்தில் இருந்தவர்களுக்குச் சுவரில் தாள் ஒட்டுவது புதுசு இல்லை. பலகைச் சுவர், பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு, இடுக்கு வழியாகக் காற்றும் பக்கத்து வீட்டுச் சண்டையும் வரும். அதனால் பழைய பேப்பரை மாவுப் பசை காய்ச்சி ஒட்டுவார்கள். பாட்டி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே சுவரில் ஒட்டியிருந்த தமிழ் நேசனைப் பார்த்துத்தான். 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன அந்தப் பத்திரிகையை எத்தனை பேர் கையில் வைத்துப் படித்தார்களோ, கிட்டத்தட்ட அத்தனை பேர் சுவரில் ஒட்டியும் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சாமி படம் போட்ட காலண்டர் வருஷம் முடிந்த பிறகும் சுவரை விட்டு இறங்காது. மேலே புதுக் காலண்டர் ஏறும், அவ்வளவுதான்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். தம்பிக்குப் பதினோரு வயசு. இரண்டு வருஷமாக இருமல், இழுப்பு. இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கூடம் போக முடியாது. பார்த்த டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டுல எங்கயாவது ஈரம் இருக்கா? பூஞ்சணம் இருக்கா?" என்று கேட்டார். அம்மா இல்லை என்றார். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் மூங்கிலும் குருவியும்தான்.

நான் படிப்பது சிவில். மூன்றாம் வருஷம். அன்று ராத்திரி ஹால் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் கெட்டியாகக் கேட்டது. கார்னர் பக்கச் சுவரில், இடுப்பு உயரத்துக்குக் கீழே, டொக்கு டொக்கு என்று வெற்றுச் சத்தம். தாளின் ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பினேன். உள்ளே கறுப்பு. பழைய துணி மூட்டை வாசனை.

ஏன் இப்படி ஆகிறது என்று இரண்டு வரி. நம் தாமான் வீடுகளின் சுவர் பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் தடிமன், இரு பக்கமும் சிமெண்டுப் பூச்சு. கார்னர் வீட்டில் மழை நேராகச் சுவரில் அடிக்கும். சிமெண்டுப் பூச்சு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். உறிஞ்சியது உள்பக்கமாகக் காய்ந்து போக வேண்டும். ஆனால் உள்பக்கம் ஒட்டியிருப்பது வினைல் தாள், அதாவது கிட்டத்தட்ட பிளாஸ்டிக். தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஈரம் உண்டு, இருட்டு உண்டு, தின்பதற்குத் தாளும் மாவுப் பசையும் உண்டு. பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல கல்யாண விருந்து கிடைக்காது.

சுவர்த்தாள் ஆளைக் கொல்லும் என்பது பழைய கதைதான். 1775-ல் ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளர் ஆர்சனிக்கிலிருந்து அழகான ஒரு பச்சை நிறம் செய்தார். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு அந்தப் பச்சைத் தாள். ஈரமான வீடுகளில் இருந்தவர்களுக்கு நோய் வந்தது. 1890-களில் கோசியோ என்ற இத்தாலியர், ஈரச் சுவரில் வளர்கிற பூஞ்சணம் அந்த ஆர்சனிக்கை விஷ வாயுவாக மாற்றுகிறது என்று காட்டினார். நெப்போலியன் கைதியாக இருந்த செயின்ட் ஹெலினா வீட்டுத் தாளிலும் ஆர்சனிக் இருந்தது. அதனால்தான் செத்தாரா என்பது வேறு சண்டை, நமக்கு வேண்டாம். எங்கள் வீட்டுப் பச்சையில் ஆர்சனிக் கிடையாது. ஆனால் அழகுக்கும் நோய்க்கும் நடுவே ஒரு தாள் தடிமன்தான் என்பதைப் படித்தபோது கொஞ்சம் சிலிர்த்தது.

அப்பா சிங்கப்பூரில் வேலை. காலை நாலரைக்கு மோட்டாரில் கிளம்பி துவாஸ் பாலம் தாண்டிப் போகிறவர். அவரிடம் சொன்னேன். "எடுக்கணும்னா எடு. பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார்.

பாட்டியிடம் கேட்டேன். "அதை ஏன் எடுக்கிற? உங்க தாத்தா ஒட்டினது. மேல புதுசா சாயம் அடிச்சுக்கோ" என்றார். தம்பியின் மூச்சைப் பற்றிச் சொன்னேன். "கதவத் தொறந்து வையி, காத்து வரட்டும்" என்றார். இரண்டு தடவை பேசினேன். மூன்றாவது தடவை அவர் பதிலே சொல்லாமல் எழுந்து போய் விளக்கேற்றினார்.

அப்புறம் நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, அத்தை வந்து பாட்டியைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வரைக்கும் காத்திருந்தேன். கார் முனை திரும்பியதும் பிளக்குகளுக்கு மெயின் சுவிட்சை அணைத்தேன், மாஸ்க் போட்டேன், தம்பியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். வேலையை ஆரம்பித்தேன்.

வேலை சொல்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. மேல் வினைல் ஒரே இழுப்பில் பட்டையாக வந்துவிடும், அதில் ஒரு சந்தோஷம் கூட உண்டு. அடித்தாள் வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் அடித்து, கால் மணி நேரம் விட வேண்டும். பொறுமையில்லாமல் சுரண்டினால் பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். ஸ்கிரேப்பரைச் சுவரோடு படுக்கவைத்த மாதிரி பிடிக்க வேண்டும். தாள் போன பிறகும் பசை இருக்கும். அதைக் கழுவாமல் மேலே சாயம் அடித்தால் அது ஓடு ஓடாக வெடிக்கும். எல்லாம் யூடியூபில் பார்த்ததுதான். யூடியூபில் சொல்லாத ஒன்று கார்னர் பக்கச் சுவரில் இருந்தது.

இடுப்பு உயரத்தில், உப்புப் பூத்த வெள்ளைத் திட்டுக்கும் கறுப்புப் பூஞ்சணத்துக்கும் கொஞ்சம் மேலே, பென்சில் எழுத்து. தாத்தா கையெழுத்து எனக்குத் தெரியும், "ம" போடும்போது வலது காலை நீட்டி விடுவார்.

மண்டோர் 300
கடை 450
தம்பி 1000
லோரி 500

மேலே 1999 என்று வருஷம். முதல் மூன்று வரிகளின் மேல் கோடு போட்டு அடித்திருந்தது. நாலாவதில் கோடு இல்லை.

பால் கணக்கைச் சுவரில் எழுதி வைக்கிற பழக்கம் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. இது பால் கணக்கு இல்லை. வீட்டுக்கு முன்பணம் கட்ட வாங்கிய கைமாற்று. மூன்றை அடைத்துவிட்டார், ஒன்று நிற்கிறது. அதன் மேல் ஐந்து வருஷம் கழித்து மூங்கில் காட்டை ஒட்டி மூடியிருக்கிறார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் தாத்தா கடனை அடைக்காமல் அதை மறைத்தவரா? எல்லாரும் "நேர்மையான மனுஷன்" என்று சொன்ன ஆளா? ஒரு பத்து நிமிஷம் அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே இதே சங்கடம் ஆயிரம் மடங்கு பெரிசாக நடந்திருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோவில் ராஜராஜன் கட்டியது, 1010-ல் முடிந்தது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். கருவறையைச் சுற்றி, இரண்டு சுவர்களுக்கு நடுவே, இருட்டான ஒரு சுற்றுப்பாதை உண்டு. பொதுவாக அங்கே நம்மை விடமாட்டார்கள். அந்தச் சுவர்களில் ஓவியங்கள் இருந்தன. மேலே தெரிந்தவை 17-ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து ஓவியங்கள். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அந்த இருட்டில் போய்ப் பார்த்தபோது, மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் இன்னொரு ஓவியம் தெரிந்தது. சோழர் காலத்தது. நாயக்கர் காலத்து ஆட்கள் அதன் மேலேயே சுண்ணாம்பு பூசி வரைந்திருக்கிறார்கள். சுமார் அறுநூறு வருஷமாகச் சுவரில் இருந்ததை மூடி, அதற்குப் பிறகு முந்நூறு வருஷம் அடியில் ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விட்டது.

அடியில் என்ன இருந்தது தெரியுமா? சுந்தரர் யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கைலாயம் போகிற காட்சி. தேரில் நின்று முப்புரம் எரிக்கிற சிவன். தில்லைக் கூத்தனை வணங்குகிற அரசகுடும்பம். ஈரச் சுண்ணாம்பில் நிறம் தீட்டியதால், அது காயக் காய நிறமும் சுவரும் ஒன்றாகிவிடுகிற முறை. சோழர் ஓவியம் என்று நாம் இன்று புத்தகங்களில் பார்த்துப் பெருமைப்படுவதில் பெரும்பங்கு அந்த இருட்டுச் சந்தில் இருந்து வந்ததுதான்.

இப்போது கேள்வி. அடியில் பொக்கிஷம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மேலே இருப்பது குப்பை கிடையாது, அதுவும் முந்நூறு வருஷத்துப் பக்தியும் உழைப்பும். மேலே இருப்பதைச் சுரண்டிப் போட்டால் சோழன் தெரிவான், நாயக்கர் காலத்து ஓவியன் செத்துப்போவான். சுரண்டாவிட்டால் சோழன் இருட்டிலேயே இருப்பான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

என் கூட்டாளிகளிடம் கேட்டேன். பத்துக்கு ஏழு பேர், "பழசுதான் ஒரிஜினல், சோழனை வெளியே கொண்டு வா" என்றார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் யோசித்தால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பழசுதான் உண்மை என்றால் அந்தச் சோழச் சுண்ணாம்பையும் உரித்துவிட்டு வெறுங்கல்லைப் பார்க்க வேண்டியதுதானே? ஒரு அடுக்கில் நிறுத்தி "இதுதான் உண்மை" என்று சொல்வது நாம்தான், சுவர் அப்படிச் சொல்வதில்லை. இன்னொன்று. அந்த மேல்பூச்சு முந்நூறு வருஷம் விளக்குப் புகையையும் மனிதர் கையையும் தன்மேல் வாங்கிக்கொண்டு அடியில் இருந்ததைக் காத்தும் இருக்கிறது. மூடியதால்தான் சிலது பிழைத்தது.

இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது. நாயக்கர் ஓவியத்தை அதன் பூச்சோடு சேர்த்து, துண்டு துண்டாக, உயிரோடு தோலுரிக்கிற மாதிரி மெதுவாகப் பிரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் பதித்தார்கள். அடியில் சோழன் வெளிச்சம் பார்த்தான், மேலே இருந்த ஓவியமும் தப்பியது. பாடத்துக்காகச் சுண்ணாம்புப் பூச்சு பற்றித் தேடியபோதுதான் இதைப் படித்தேன். சிவில் படிக்கிறதில் எனக்கு நிஜமான பெருமை வந்த சில தருணங்களில் அது ஒன்று.

நம் கோவில்களிலோ நிலைமை வேறு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம், அதற்கு முன் திருப்பணி, பழைய சாயத்தின் மேல் புதுச் சாயம். ஜொகூர் பாருவில் ராஜகாளியம்மன் கோவிலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். 1922-ல் சின்னதாகத் தொடங்கியது. 2009-ல் சுவர், தூண், கூரை எல்லாம் கண்ணாடித் துண்டுகள் பதித்து இன்றைக்கு இருக்கிற மாதிரி ஆனது. பழைய கோவிலில் கும்பிட்டவர்கள் சிலருக்கு அது வேறு கோவில் மாதிரி இருக்கலாம். அம்மன் மாறவில்லை என்று பாட்டி சொல்வார். வாழ்கிற வீட்டையும் வாழ்கிற கோவிலையும் அருங்காட்சியகம் மாதிரி வைத்திருக்க முடியாது. நாம் உள்ளே சமைக்கணும், அழணும், இருமணும்.

சரி, பாட்டி திரும்பி வந்த கதைக்கு வருகிறேன்.

கதவைத் திறந்தார். கையில் பிரசாதப் பை. தரை முழுக்க மூங்கில் பட்டைகள். என்னைத் திட்டவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், நேராக அந்தக் கார்னர் சுவரிடம் போனார், குனிந்து அந்த நாலு வரியைப் பார்த்தார். தேடவே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நான் வந்ததும் எடுத்திருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். இன்றைக்கும் என் காதில் இருப்பது அந்த ஒரு வரிதான்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நானாகவே கேட்டேன். "பாட்டி, லோரின்னா யாரு? தாத்தா அந்தக் காச குடுக்கலையா?"

பாட்டி சிரித்தார். லோரி என்பது தாத்தாவுடன் தோட்டத்தில் வளர்ந்தவர், பிறகு லோரி ஓட்டப் போனவர். வீட்டுக்குப் பணம் போதாமல் தாத்தா தவித்தபோது கேட்காமலேயே ஐந்நூறு வெள்ளியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் தாத்தா திருப்பிக் கொண்டுபோனபோது வாங்கவில்லை. "எனக்கு வீடு கட்டிக்க நேரமில்ல, உன் வீட்டுல ஒரு செங்கல் என்னோடதா இருக்கட்டும்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவையும் அதே கதை.

"அப்புறம் ஏன் தாத்தா கோடு போடல?"

"அவரு வாங்கலைங்கிறதுனால கடன் தீந்துருமான்னு கேட்டாரு உங்க தாத்தா. அடிக்க மாட்டேன்னுட்டாரு."

"அப்ப ஏன் மூடினாரு?"

அதற்குப் பாட்டி சொன்னது இது. அத்தை பரிசத்துக்கு லோரியையும் அழைத்திருந்தார்கள். அவர் வந்து ஹாலில் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் அவர் பேரும் 500-ம் தெரியும். நாலு பேர் முன்னால் அவர் செய்த உதவி சுவரில் தொங்கும். அவருக்குக் கூச்சமாக இருக்கும். அழிக்கவும் மனசில்லை, காட்டவும் மனசில்லை. அதனால்தான் ஜொகூர் பாருவுக்குப் போய்த் தாள் வாங்கி வந்தார்.

நான் கண்டுபிடித்த "குற்றம்" ஒரு நிமிஷத்தில் தலைகீழானது. எழுத்து அதேதான், கோடு இல்லாததும் அதேதான். தாளை உரித்ததால் எனக்கு உண்மை கிடைக்கவில்லை, பாதிதான் கிடைத்தது. மீதி பாதி கோவிலுக்குப் போயிருந்தது.

மறைப்பது என்றாலே தப்பு, வெளிப்படையாக இருப்பதுதான் நேர்மை என்று நம் தலைமுறை நம்புகிறது. எல்லாத்தையும் ஸ்டோரியில் போடுகிற ஆட்கள் நாம். ஆனால் சைவ சித்தாந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: சிவனுடைய ஐந்து தொழில்களில் படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றையும் உடனே சொல்லிவிடுவோம், நாலாவது மறைத்தல் என்று வரும்போது கொஞ்சம் தடுமாறுவோம். கடவுள் ஏன் மறைக்கணும்? நடராஜர் உருவத்தில் ஊன்றிய கால் மறைத்தலைக் காட்டுகிறது, தூக்கிய கால் அருளலை. ஆடுகிறவர் நிற்பதே மறைக்கிற காலில்தான். உயிர் பக்குவப்படுகிற வரைக்கும் மறைப்பதும் அருளின் வேலைதான் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். எனக்குச் சின்ன வயசில் இது ஒரு சால்ஜாப்பு மாதிரி தோன்றியது. தாத்தா லோரிக்காரருக்காகத் தாள் வாங்கப் போனதைக் கேட்டபோது கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது.

ஆனால் இதை வைத்து "மூடினது எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று முடித்துவிடவும் எனக்கு மனசு வரவில்லை. அதே தாளுக்கு அடியில்தான் என் தம்பியின் மூச்சைத் திருடியதும் வளர்ந்தது. தாத்தா அதை நினைத்து ஒட்டவில்லை. 2004-ல் அந்தச் சுவர் காய்ந்துதான் இருந்ததாம். வெளியே கூரைத் தண்ணீர்க் குழாய் ஓட்டையானது பிறகுதான், அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் உள்ளே குருவி பறந்துகொண்டிருந்தது. நல்ல மனசோடு மூடியதும் கெட்டுப்போகும், யாராவது அவ்வப்போது ஓரத்தைத் தூக்கிப் பார்க்காவிட்டால். குடும்பங்களில் எத்தனை விஷயம் இப்படி இருக்கிறது! மாமா குடியை விட்டுவிட்டார் என்று சொல்லிக்கொள்வது, அக்கா புருஷன் வீட்டில் சந்தோஷமாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்வது. ஆரம்பத்தில் யாரோ ஒருவரின் மானத்துக்காக ஒட்டிய தாள்தான். இருபது வருஷம் கழித்து யாருக்கோ இழுப்பு வருகிறது.

ஆக, உரித்தது சரிதான் என்று நினைக்கிறேன். கார் முனை திரும்பும் வரை காத்திருந்தது தப்பு. தஞ்சாவூரில் நாயக்கர் காலத்து ஓவியனிடம் யாரும் அனுமதி கேட்க முடியாது, அவன் போய்விட்டான், அதனால்தான் அவனுக்காக அத்தனை ஜாக்கிரதையாக இருந்தார்கள். எங்கள் வீட்டில் கேட்க ஆள் இருந்தார். நான் கேட்டேன், எனக்குப் பிடித்த பதில் வரவில்லை, அதனால் அவரைத் தாண்டிப் போனேன். தம்பிக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பேசிப் பேசி அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அவர் "வேணாம்" என்று சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வயசானவங்க பிடிவாதம் என்று நானே ஒரு தாளை ஒட்டிவிட்டேன்.

கடன் விஷயம் அப்பா காதுக்குப் போனது. இந்தியாவில் அப்பா வாங்கிய கடனைப் பிள்ளை அடைக்க வேண்டியது தர்மக் கடமை என்று இந்துச் சட்டத்திலேயே ஒரு கொள்கை இருந்தது, 2005-ல் திருத்தம் வந்த பிறகு வாங்கிய கடனுக்கு அதை மட்டும் காட்டிப் பிள்ளைமேல் கேஸ் போட முடியாது. நான் இதைச் சொன்னபோது அப்பா, "சட்டம் போவட்டும், அந்த அங்கிள் எங்க இருக்காரு?" என்றார். லோரிக்காரர் இறந்து ஆறு வருஷம். மகள் குளுவாங்கில் இருக்கிறார் என்று பாட்டிக்குத் தெரியும். பணம் கொண்டுபோனால் அது அவர் அப்பா செய்ததைத் திருப்பி முகத்தில் எறிகிற மாதிரி இருக்குமோ என்று அப்பாவுக்குத் தயக்கம். கொண்டுபோகாமல் இருக்கவும் முடியவில்லை. தீபாவளிக்கு எல்லாருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று மட்டும் முடிவாகியிருக்கிறது. கையில் என்ன எடுத்துக்கொண்டு போவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

சுவர் விஷயம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பூஞ்சணத்தைக் கழுவினால் மட்டும் போதாது, வெற்றுச் சத்தம் கேட்ட பூச்சு முழுக்க உள்ளே ஈரம் ஏறி விட்டுப்போயிருந்தது. கொத்தி எடுத்துவிட்டுப் புதுசாகப் பூச வேண்டும். அந்த வெற்றுச் சத்தம் பென்சில் எழுத்து வரைக்கும் போயிருந்தது. தஞ்சாவூர் மாதிரி அந்த ஒரு அடியைப் பெயர்த்துப் பலகையில் பதிக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஓரத்தில் கொஞ்சம் முயற்சி செய்தேன், மாவாகக் கொட்டியது. போட்டோ எடுத்தேன். டிரேசிங் தாள் வைத்துப் பென்சிலில் நகல் எடுத்தேன். அப்புறமும் உளியை வைக்கக் கை வரவில்லை. அந்த ஒரு துண்டை மட்டும் விட்டுவிடலாம், மேலே ஒரு பிரேம் மாட்டிவிடலாம் என்று பாட்டியிடம் சொன்னேன். இந்த முறை முதலில் போய்க் கேட்டேன்.

பாட்டி தம்பியைப் பார்த்தார். அவன் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துரு" என்றார். "செவுரு போனா போவுது. கணக்கு எனக்குத் தெரியும்."

நான் கொத்தும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்க் போடச் சொன்னேன், போட்டுக்கொண்டார். லோரி வரி விழுந்தபோது ஒரு துண்டை எடுத்து முந்தானையில் துடைத்துப் பார்த்தார். எழுத்து இல்லாத பக்கம்தான் கையில் வந்திருந்தது. அதை மற்றதோடு சேர்த்துச் சாக்கில் போட்டுவிட்டார்.

வெளியே குழாயை அடைத்தாயிற்று. சுவருக்குப் புதுப் பூச்சு பூசியாயிற்று. சிமெண்டுப் பூச்சு நன்றாகக் காய நாலு வாரம் விட வேண்டும், அதற்கு முன் சாயம் அடித்தால் மறுபடி ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். இப்போதைக்கு எங்கள் ஹாலில் ஒரு பக்கம் வெறும் சாம்பல் நிறச் சுவர். தம்பி தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் உள்ளங்கையை வைத்துச் சில்லென்று இருக்கிறதா என்று பார்க்கிறான். என்ன நிறம் அடிப்பது என்று கேட்டதற்குப் பாட்டி, பச்சை வேண்டாம் என்றார். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.